எருமை மிதித்த குளம்

எங்கள் குளத்தில் ஓட்டை போட்டவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் வேறு கதைகளும் உண்டு. மண் அள்ள வந்தவன் ஏமாற்றிவிட்டான் என்பார்கள், மழை பொய்த்துவிட்டது என்பார்கள். மழை பொய்க்கவில்லை. மண் அள்ளுகிறவனைக் கூப்பிட்டதும் நான், கடிதத்தில் கையெழுத்துப் போட்டதும் நான், வேலை செய்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததும் நான்.

கனகராயன்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் பெரிய வீதியை விட்டுக் கிழக்கே திரும்பி, காட்டுப் பாதையில் அரை மணித்தியாலம் சைக்கிள் உழக்கினால் எங்கள் ஊர் வரும். குளம் சின்னது. அணைக்கட்டின் ஒரு நுனியில் நின்று கூப்பிட்டால் மற்ற நுனியில் நிற்பவருக்குக் கேட்கும். அந்தத் தண்ணீரை நம்பி முப்பது குடும்பம் நெல் விதைக்கிறது. என்னுடையது கடைசி வயல். அணைக்கட்டின் மதகை, துருசைத் திறந்தால் தண்ணீர் எல்லா வயல்களையும் பார்த்துவிட்டு, மிச்சம் இருந்தால்தான் என்னிடம் வரும். குளத்தில் ஒரு சாண் குறைந்தால் அது முதலில் என் சோற்றுப் பானையில் தெரியும்.

அந்தக் குளத்தை நான் முதலில் பார்த்தபோது எனக்கு ஆறு வயது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீடுகளைக் கலவரத்தில் எரித்த பிறகு அப்பா எங்களை லொறியில் ஏற்றி வன்னிக்குக் கொண்டுவந்தார். தோட்டத்தில் தண்ணீர் என்றால் ஓடுவது. மேலேயிருந்து விழும், கல்லில் அடிபடும், போய்விடும். நிற்கிற தண்ணீரை நான் கண்டதில்லை. அணைக்கட்டில் ஏறியபோது வானம் முழுவதும் கீழே கிடந்தது. எனக்குப் பயமாக இருந்தது, இறங்கவும் மனம் வரவில்லை. நடுவில் பத்துப் பதினைந்து கறுப்புப் பாறைகள்.

"அந்தப் பாறைல ஏறி வெளையாடப் போயிறாத" என்று அம்மா சொல்லி முடிக்கவில்லை, ஒரு பாறை தும்மியது. பிறகு எழும்பியது. சேறு வழிய நின்று எங்களைப் பார்த்தது. அதற்குப் பின்னால் மற்றப் பாறைகளும் ஒவ்வொன்றாக எழும்பின. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் அவருடைய தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டே போனேன். இன்றைக்கு எனக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். குளத்துக்குள்ளிருந்து எருமை எழும்பும்போது செய்கிற வேலையை விட்டுவிட்டு இன்னும் பார்க்கிறேன்.

அந்த எருமைகள் என் வீட்டுக்கு மேற்கே இருக்கிற ஒருவருடையவை. பரம்பரையாக இந்த ஊர்க்காரர். என்னிலும் ஐந்தாறு வயது மூத்தவர், அண்ணை என்று கூப்பிடுவேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். பாசத்தில் அல்ல, பழக்கத்தில்.

சண்டைக் காலத்தில் எல்லோரும் ஓடினோம். அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்தபோது அணைக்கட்டு உடைந்து கிடந்தது. வயலில் ஆளுயரத்துக்குப் பற்றை. நாங்கள் தறப்பாள் கட்டிக்கொண்டிருந்த இரண்டாம் நாள் அண்ணை குளக்கரையில் நின்று, நாக்கை மடித்து ஒரு சத்தம் போட்டார். எருமைகளைக் கூப்பிடும் சத்தம். எனக்கு ஆத்திரம் வந்தது. மனிதர்களே மிஞ்சவில்லை, இவர் மாட்டைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் காடு அசைந்தது. முதலில் ஒரு கொம்பு. பிறகு முதுகு. ஒன்பது எருமைகள் வந்தன, அவற்றோடு மனிதரையே கண்டிராத கன்றுகளும் வந்தன. கன்றுகள் காட்டோரத்தில் நின்று எங்களைப் பார்த்து நடுங்கின. அண்ணை நிலத்தில் குந்தி அழுதார். எவரும் கட்டாமல், எவரும் தண்ணீர் காட்டாமல், அந்த ஒன்பதும் தங்கள் குளத்தை விட்டுப் போகாமல் இருந்திருக்கின்றன. நாங்கள்தான் போனோம்.

அணைக்கட்டைத் திருத்திக் கட்டி மறுபடி விதைத்தோம். இதெல்லாம் கண்ட பிறகும் நான் அந்த எருமைகளோடு சண்டைக்குப் போனேன். இரண்டு முறை வேலியை முறித்துக்கொண்டு என் நெல்லுக்குள் இறங்கிவிட்டன. கதிர் வெளியே தள்ளுமுன் இருக்கிற குடலைப் பருவத்து நெல். தின்றதைவிட மிதித்தது அதிகம். அண்ணை வந்து பார்த்து, "அதுகளுக்கு அறிவிருந்தா எருமையா இருக்குமே தங்கச்சி?" என்றார். எனக்கு அது பதிலாகப் படவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐம்பது வருஷத்துக்குக் கிட்ட இந்த மண்ணில் இருக்கிறேன். இங்கே கலியாணம் முடித்தேன், இங்கே பிள்ளை பெற்றேன், இங்கே புருசனை எரித்தேன். அப்படியும் ஒரு சிலர் வாயில் நான் தோட்டக்காட்டாள். ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்கு என்னைச் செயலாளராகத் தெரிவுசெய்தபோது பின்னால் ஒருவர், "மலையிலை கொழுந்து கிள்ளினவைக்குக் குளத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. காட்டிவிடுகிறேன் என்று நினைத்தேன்.

அந்த நேரம்தான் வீதி வேலைக்கு மண் தேடி ஒருவன் வந்தான். குளத்தைச் சும்மா ஆழப்படுத்தித் தருகிறேன், மண்ணை நான் கொண்டுபோகிறேன் என்றான். நான் கூட்டம் போட்டேன்.

"குளம் மேடாகிப் போச்சு. ஆழமாக்கினா ரெண்டாம் போகமும் செய்யலாம்" என்றேன்.

அண்ணை பின்வரிசைக் கதிரையில் இருந்தார். "மேல் வண்டலை அள்ளுங்கோ தங்கச்சி, பரவாயில்லை. அடிக்களியிலை மட்டும் கை வையாதேங்கோ."

"ஏன் எண்டு சொல்லுங்கோ."

"ஏனெண்டு எனக்குத் தெரியாது. எங்கட ஆக்கள் அள்ளுறேல்லை."

"உங்கட ஆக்கள் அள்ளாததாலதான் குளம் இந்தக் கோலத்தில கிடக்கு. உங்கட எருமையளுக்கு உருளச் சேறு வேணும். அதுதானே கதை?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை. "எருமை உருண்டு குளம் வத்தினதை நான் காணேல்லை" என்றார்.

"எருமை உருண்டு என்ர நெல்லு படுத்ததை நான் கண்டனான்."

அமைப்பின் தலைவர் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறிய குடும்பத்தவர், பொல்லாப்பு விரும்பாதவர். "விடுங்கோ அண்ணை, அவாவோட வாயால வெல்லேலாது" என்று முடித்துவிட்டார்.

அன்றைக்குக் கூட்டப் புத்தகத்தில் இரண்டு தீர்மானம் எழுதினேன். குளத்தை ஆழப்படுத்துவது. குளத்துக்குள் எருமை இறக்கக் கூடாது. இரண்டையும் சத்தமாக வாசித்தேன். அண்ணை கதிரையை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாளிலிருந்து எருமைகளைக் காட்டுப் பக்கம் சாய்த்துக்கொண்டு போகத் தொடங்கினார்.

ஆவணியில் குளம் காய்ந்து கிடந்தபோது மண் வெட்டுகிற பெக்கோ மெசின் இறங்கியது. முழங்கால் ஆழத்துக்குக் கறுப்புக் களிமண். வாளியில் அது உதிராமல் துண்டு துண்டாக வந்தது. அதற்குக் கீழே மஞ்சளாக, கையில் அள்ளினால் பொலபொலவென்று கொட்டுகிற மண்.

பெக்கோ ஓட்டிய பொடியன் துள்ளினான். "அன்ரி, நல்ல கிரவல்! ரோட்டுக்குத் தங்கம்!"

எனக்கும் சந்தோஷம். அன்றைக்குத் தேத்தண்ணியோடு பணிசும் கொடுத்தேன். இரண்டு ஆள் ஆழக் குழியாக ஒரு பெரிய கிடங்கு. அதன் விளிம்பில் நின்று, இது நிறைந்தால் எவ்வளவு தண்ணீர் என்று மனதுக்குள் அளந்தேன்.

கார்த்திகையில் குளம் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் வான் பாய்ந்தது. அணைக்கட்டில் நான் நடந்த நடையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மழை விட்ட மூன்றாம் நாள் தண்ணீர் மட்டம் இறங்கியிருந்தது. துருசு திறக்கவில்லை. ஒரு கம்பில் கத்தியால் வெட்டு வைத்துக் கரையில் நட்டேன். காலையில் பார்த்தால் நான்கு விரல் குறைவு. அடுத்த காலை இன்னும் நான்கு விரல். வெயில் குடித்தால் ஒரு விரல் போகும். மிச்சம் மூன்று விரலை யார் குடிப்பது?

துருசில் ஒழுக்கு என்று சீமெந்து பூசினோம். அணைக்கட்டில் நண்டு வளை என்று கிண்டி அடைத்தோம். முதல் வயல்காரர் களவாகத் தண்ணீர் எடுக்கிறார் என்று அவருடைய முற்றத்தில் போய் நின்று கத்தினேன். அந்த மனிதர் பாவம், ஒரு சிரட்டைத் தண்ணீர்கூட எடுக்கவில்லை. தையில் நெல் பால் பிடிக்கிற நேரம் குளத்தில் கிடங்கு மட்டும் மிஞ்சியது. பிறகு கிடங்கும் காய்ந்தது. என் வயலில் கதிர்கள் நிமிர்ந்து நின்றன. நெல் பிடித்த கதிர் தலை குனியும். நிமிர்ந்து நின்றால் உள்ளே ஒன்றும் இல்லை. முழுக்கச் சப்பி. வெட்டு மெசினைக் கூப்பிட வெட்கமாக இருந்தது. ஆடுகளை விட்டேன்.

அடுத்த வருஷமும் அப்படியே. கடைசி ஆறு வயல்காரரும் வீட்டில் மூட்டை இல்லாமல் கடை அரிசி வாங்கினோம். மூன்றாம் முறையும் இப்படிப் போனால் வயலைக் கைவிடுவது என்று என் மகன் சொல்லிவிட்டான். "பட்டது காணும் அம்மா. தரிசாக் கிடக்கட்டும்." சண்டைக்குப் பிறகு பற்றை வெட்டி, வரம்பு கட்டி, நான் என் கையால் மீட்ட வயல் அது.

அந்த ஆனி மாதம் பாலைப்பழம் பொறுக்கக் காட்டுக்குப் போனேன். காட்டு வாசலில் எல்லோரும் செய்வதுபோல ஒரு கொப்பு முறித்து, காட்டுக்குக் காவல் நிற்கிற ஐயனுக்கென்று அங்கிருக்கிற மரத்தில் செருகிவிட்டு உள்ளே போனேன். காடு காய்ந்து கிடந்தது. சருகில் கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். குளத்தைத் தாண்டிப் போகும்போது என் கிடங்கை எட்டிப் பார்த்தேன். அடியில் வெடிப்பு. ஒரு சொட்டு இல்லை.

அங்கிருந்து கூப்பிடு தூரம் போயிருப்பேன். தவளைச் சத்தம் கேட்டது. ஆனி வெயிலில் தவளை. சத்தத்தைத் தேடிப் போனேன்.

எருமைகள் உருளுகிற பள்ளம் அது. அண்ணை இரண்டு வருஷமாக அவற்றைச் சாய்த்துக்கொண்டுவந்து விடுகிற இடம். எங்கள் பொதுநோக்கு மண்டபத்தளவுகூட இல்லை, ஆழமும் முழங்காலுக்குக் கீழே. அதில் தண்ணீர் நின்றது. அப்போது எருமைகள் இல்லை. தும்பிகள் பறந்தன. வண்ணத்துப்பூச்சிகள் கரைச் சேற்றில் மஞ்சளாக அப்பியிருந்தன. ஓரத்தில் ஒரு குளம்படி. என் உள்ளங்கை அளவு பள்ளம். அதற்குள்ளும் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் நகத்தளவு மீன் குஞ்சு ஒன்று திரும்பித் திரும்பி நின்றது.

நான் குந்திவிட்டேன். இரண்டு ஆள் ஆழத்துக்கு மெசினால் நான் வெட்டிய கிடங்கில் ஒரு சொட்டு இல்லை. ஒரு மாட்டின் கால் பட்ட இடத்தில் மீன் உயிரோடு இருக்கிறது. விரலை அந்தக் குளம்படிக்குள் விட்டுத் தடவினேன். எண்ணெய் பூசினதுபோல வழுக்கியது. நகத்தால் கீறினேன், நகம் இறங்கவில்லை. மிதித்து மிதித்து, உருண்டு உருண்டு, களியைக் குழைத்து அந்த மிருகங்கள் நிலத்துக்கு ஒரு தோல் போட்டிருக்கின்றன. எங்கள் குளத்துக்கும் அதே தோல் இருந்தது. எத்தனை தலைமுறை எருமை மிதித்ததோ. அதை நான் பெக்கோவால் உரித்து வீதிக்குப் போட்டேன். மிதித்துச் சரிசெய்யக்கூடிய எருமைகளையும் உள்ளே விடக் கூடாது என்று எழுதி வாசித்தேன்.

 பாலைப்பழம் பொறுக்கவில்லை. நேரே அண்ணை வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆர், செயலாளரோ? புத்தகம் கொண்டரேல்லையோ?"

"பகிடியை விடுங்கோ அண்ணை. உங்கட எருமையள் வேணும்."

"ஏன், வழக்குப் போடவோ?"

"குளத்துக்கு."

கயிறு நின்றது. "குளத்துக்குள்ள எருமை இறங்கக் கூடாதெண்டு வாசிச்ச வாய் எது?"

"இந்த வாய்தான்."

உள்ளே குசினியிலிருந்து அவருடைய மனைவி, "வந்த பிள்ளையை இருக்கச் சொல்லுங்கோவன். பொலிஸ்காரன் மாதிரி நிக்க வைச்சுக் கேக்கிறியள்" என்றார். இருந்தேன். பள்ளத்தில் கண்டதைச் சொன்னேன். களி, கிரவல், குளம்படி, மீன் குஞ்சு எல்லாம். அண்ணை வாயைத் திறந்தபடி கேட்டார்.

"அப்ப, அதுகள் உருண்டுதான் தண்ணி நிக்கிறதோ?"

"உங்களுக்குத் தெரியாதோ?"

"எனக்கெங்க தெரியும்? அதுகளுக்குச் சூடு தாங்கேலாது, உருளும். அப்பரும் இதொண்டும் சொல்லேல்லை. களியில கை வைக்காதை எண்டார், நான் வைக்கேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாரே, இவ்வளவும் நடந்திருக்காதே என்று. பிறகுதான் உறைத்தது. காரணம் அவரிடம் இல்லை, அவருடைய தகப்பனிடமும் இருந்திருக்காது. கை வைக்காமல் விடுவது மட்டும் தகப்பனுக்குப் பின் பிள்ளையாக வந்திருக்கிறது. அதுவே குளத்தைக் காப்பாற்றப் போதுமாக இருந்தது, ஏன் என்று கேட்டுக்கொண்டு நான் வரும்வரைக்கும்.

"எருமை தாறன்" என்றார். "ஆனா எழுதினதை வெட்டுங்கோ. எல்லாருக்கும் முன்னால. பிறகு, மாட்டுக்குப் பின்னால நீங்களும் நடக்கோணும். நான் ஒருத்தனா இவ்வளவு மாட்டையும் சுத்தேலாது."

கூட்டம் போட்டேன். எருமையைத் தடுத்த தீர்மானத்தைக் கோடு கீறி வெட்டினேன். குளத்தில் ஓட்டை போட்டது நான்தான் என்றேன். கொழுந்து கிள்ளினவளைப் பற்றி முன்பு சொன்னவர் அன்றைக்கும் வந்திருந்தார். ஏதாவது சொல்லட்டும் என்று அவரையே பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, "என்ர உழவு மெசினும் பெட்டியும் சும்மாதான் நிக்குது, களி ஏத்தலாம்" என்றார்.

ஆவணியும் புரட்டாதியும் கிடங்கை இடுப்பளவு பள்ளம் மிஞ்சும்வரை நிரப்பினோம். மேல்கரையில் தேங்கியிருந்த வண்டல், காட்டோரத்தில் கறையான் கைவிட்ட புற்றுகளின் மண். உயிருள்ள புற்றில் மண்வெட்டி வைக்க அண்ணை விடவில்லை. இந்த முறை நான் ஏன் என்று கேட்கவில்லை. ஐப்பசி முதல் மழைக்குக் கிடங்கில் கரண்டைக்கால் அளவு தண்ணீர் தேங்கியது. அடியிலிருந்து குமிழி வந்துகொண்டிருந்தது. தண்ணீர் கீழே இறங்க, கிரவலுக்குள்ளிருந்த காற்று மேலே வருகிறது. நிரப்பிய மண்ணும் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

எருமைகள் வந்தன. விளிம்பில் நின்றுவிட்டன. இரண்டு வருஷம் துரத்திய இடம். முன்னால் நின்ற கிழட்டு எருமை தலையைக் குனிந்து மோந்தது. ஒன்பதில் ஒன்று அது, சண்டைக்குள் தப்பி வந்தது. ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது. மற்றவை பின்னால் இறங்கின.

மூன்று நாள் சுற்றினோம். அண்ணை முன்னுக்கு, நான் பின்னுக்கு. முதல் நாள் தண்ணீர் தெறித்தது. இரண்டாம் நாள் சேறு தடித்து, காலை இழுக்க இழுக்க விடவில்லை. என் தொடை நரம்பெல்லாம் விண் விண் என்று தெறித்தது. களைத்தபோது எருமைகள் அப்படியே சரிந்து உருண்டன. அதைக் கிட்ட நின்று பார்த்தால்தான் தெரியும். அந்தப் பெரிய உடம்பு பக்கவாட்டில் புரண்டு, கிடங்கின் சுவர்வரைக்கும் களியை அழுத்தி அப்பியது. எந்த மெசினும், எந்த மனிதனும் அப்படிப் பூச முடியாது. குமிழி வருகிற இடங்கள் சுருங்கிச் சுருங்கி ஒரு மூலைக்கு ஒதுங்கின. கிழட்டு எருமை போய் அந்த மூலையில்தான் படுத்தது. வேண்டுமென்றே படுத்தது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே படுத்தது, அவ்வளவுதான் தெரியும். அது எழும்பியபோது குமிழி இல்லை. நான் கும்பிட்டேன். அண்ணை பார்த்துவிட்டு, "அதுக்கு விளங்காது, வைக்கல் போடுங்கோ" என்றார்.

கார்த்திகையில் குளம் நிறைந்தது. கம்பை நட்டேன். முதல் கிழமை நாளுக்கு இரண்டு விரல் போனது. எருமைகள் நாள்தோறும் இறங்கிக் கரையோரம் உருண்டன. மார்கழி நடுவில் ஒரு விரல். வெயில் குடிக்கிற அதே ஒரு விரல்.

தையில் நெல் பால் பிடிக்கிற கிழமை துருசைத் திறந்தார்கள். காலையிலிருந்து என் வாய்க்கால் தலைப்பில் இருந்தேன். மத்தியானம் தாண்டித் தண்ணீர் வந்தது. முன்னுக்கு நுரை, சருகு, கொஞ்சம் எருமைச் சாணம். காய்ந்த வாய்க்கால் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிரம்பி, அடுத்த வெடிப்புக்குப் போய், என் காலைத் தொட்டு வயலுக்குள் திரும்பியது. அணைக்கட்டில் முதல் நாள் நின்ற ஆறு வயதுப் பிள்ளையாக அதைப் பார்த்தேன்.

அந்த முறை கதிர் குனிந்தது. அறுவடைக்கு ஒரு கிழமை முன்பு நடந்த கூட்டத்தில் புத்தகத்தில் எழுதினேன்: ஒவ்வொரு ஐப்பசியிலும் முதல் மழைக்கு எருமைகளைக் குளத்துக்குள் இறக்க வேண்டும், அடிக்களியை எவரும் தொடக்கூடாது. அதற்குக் கீழே காரணத்தையும் எழுதினேன். களி, கிரவல், குமிழி, கிழட்டு எருமை, என் பெயர் உட்பட ஒரு பக்கம் முழுக்க. நாளைக்கு என்னைப்போல ஒருத்தி வந்து ஏன் என்று கேட்டால், தெரியாது என்ற பதில் அவளுக்குக் கிடைக்கக் கூடாது.

வாசித்து முடித்தேன். அண்ணை எழும்பினார்.

"நல்லா இருக்கு தங்கச்சி. ஆனா ஒண்டு. அந்தக் கிழடு இப்ப உங்கட வயல் வேலியிலதான் நிக்குது. வரேக்க கண்டனான்."

புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டு ஓடினேன்.